பச்சை என்றொரு பால்: பாக்கெட்டின் நிறமும் வாங்குவோரின் தேர்வும்

உள்ளே இருப்பதைச் சுவைத்தோ முகர்ந்தோ அறிய வழியில்லாத பொருளை விலை கொடுத்து வாங்குபவர், அதன் மேலே ஒட்டிய தாளையும் அச்சிட்ட நிறத்தையும் சாட்சியாகக் கொண்டே முடிவெடுக்கிறார் என்பதையும், அந்தச் சாட்சி பல வேளைகளில் நாக்கையே தன் பக்கம் இழுத்துவிடுகிறது என்பதையும் வணிகவியல், உளவியல் ஆய்வுகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிறுவிவருகின்றன. அலிசன், ஊல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1964இல் வெளியிட்ட சோதனையில், பீர் குடிக்கும் பழக்கமுள்ளவர்கள் லேபிள் நீக்கிய புட்டிகளில் தங்கள் வழக்கமான பீர் எது என்று பிரித்தறிய முடியாமல் திணறினர். லேபிள் ஒட்டித் தந்தபோதோ தமக்குப் பழகிய பெயருக்குத் தெளிவாகக் கூடுதல் மதிப்பெண் அளித்தனர். பிரான்சின் போர்தோவில் ஒயின் இயல் பயின்ற 54 மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வில், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயினை அவர்கள் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் வருணித்தனர். 2008இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில், ஒரே ஒயினைக் குறைந்த விலை சொல்லி ஒருமுறையும் கூடிய விலை சொல்லி ஒருமுறையும் கொடுத்தபோது, விலை கூடியதே நன்றாக இருந்தது என்று பங்கேற்றோர் கூறினர். அவர்களது மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி அப்போது கூடுதலாகச் செயல்பட்டதையும் படப்பதிவு காட்டியது. உறையைப் பார்த்து எழும் உணர்வு உள்ளிருக்கும் பொருளின்மேல் ஏறிக்கொள்ளும் இந்த நிகழ்வை, அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் லூயி செஸ்கின் உணர்வுப் பெயர்ச்சி என்ற பொருள்படப் பெயரிட்டு அழைத்தார். வாலபி என்னும் சிறு கங்காரு இனத்தின் படத்தை லேபிளில் தாங்கி 2001இல் அமெரிக்கச் சந்தைக்குள் வந்த ‘யெல்லோ டெயில்’ என்ற ஆஸ்திரேலிய ஒயின் சில ஆண்டுகளிலேயே பெருவிற்பனை கண்டதற்கு அதன் மலிவு விலை ஒரு காரணம் என்றால், திராட்சைத் தோட்டத்தின் பெயரும் விளைந்த ஆண்டும் நிறைந்த லேபிள்களைப் படிக்கத் தயங்கிய புதியவர்களை அந்தப் படம் அஞ்சவிடாமல் வரவேற்றது மற்றொரு காரணம்.

இந்த ஆய்வுகளின் முடிவுகளை அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ கொண்டுவந்து மதுப்புட்டியின் மேல் பொருத்திப் பார்ப்பது பயன் தராது. 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒருசில எலைட் கடைகள் நீங்கலாக, வாங்குபவர் அலமாரிகளுக்கிடையே நடந்து, புட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, கம்பி வலைக்கு வெளியே நின்று பெயரையோ விலையையோ சொல்லிக் கேட்கிறார். லேபிள் தன் வேலையைச் செய்யும் இடைவெளியே அங்கு குறைவு. சென்னையின் இந்த மேற்குப் புறநகரில் லேபிள் ஒவ்வொரு நாளும், அனேகமாக ஒவ்வொரு வீட்டிலும் தேர்வைத் தீர்மானிக்கும் இடத்தைத் தேடினால், அது விடிவதற்கு முன்பே திறந்துவிடும் பால் பூத்தில்தான் கிடைக்கிறது.

தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் 1981இல் பதிவு செய்யப்பட்டது. அதன் வணிகப் பெயரான ‘ஆவின்’, பசுவைக் குறிக்கும் ‘ஆ’ என்ற பழந்தமிழ்ச் சொல்லோடு ‘இன்’ சாரியை சேர்ந்து அமைந்தது என்பதால், ‘ஆவின் பால்’ என்று சொல்லும்போது அது இலக்கணப்படி முழுமை பெற்ற தொடராகவே ஒலிக்கிறது. பெயர் சூட்டும் கலையில் இதற்கு நிகரான வெற்றியைத் தமிழ்நாட்டின் வேறு பொது நிறுவனம் எதுவும் பெற்றதாகத் தோன்றவில்லை. சென்னைக்குப் பால் அளிக்கும் ஆவின் பண்ணைகளில் மாதவரம், சோழிங்கநல்லூர் ஆகியவற்றோடு அம்பத்தூரும் ஒன்று. ஆனால் அந்தப் பண்ணையிலிருந்து டப்புகளில் அடுக்கப்பட்டு வண்டியேறும் பாக்கெட்டை வாங்குபவர்கள் ‘ஆவின்’ என்ற பெயரைக்கூட அதிகம் சொல்வதில்லை. “ரெண்டு நீலம், ஒரு பச்சை” என்று கேட்பதே வழக்கம்.

அந்த நிறங்களுக்குப் பின்னால் துல்லியமான அளவுகள் உள்ளன. பாலில் உள்ள கொழுப்பின் விழுக்காட்டையும், கொழுப்பு நீங்கலாக எஞ்சும் புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் ஆகிய இதரச் சத்துகளின் விழுக்காட்டையும் வைத்தே பால் வகைகளைச் சட்டம் பிரிக்கிறது. நீல பாக்கெட்டில் வருவது சமன்படுத்தப்பட்ட பால்: கொழுப்பு 3 விழுக்காடு, இதரச் சத்து 8.5 விழுக்காடு. பச்சையில் வருவது நிலைப்படுத்தப்பட்ட பால்: கொழுப்பு 4.5, இதரச் சத்து 8.5. ஆரஞ்சு நிறம் நிறைகொழுப்புப் பாலுக்கு உரியது. அதில் கொழுப்பு 6, இதரச் சத்து 9. கொழுப்பை 1.5 விழுக்காடாகக் குறைத்த இருநிலை சமன்படுத்தப்பட்ட பால் மெஜந்தா நிறத்தில் வருகிறது. ‘நிலைப்படுத்தப்பட்ட’, ‘சமன்படுத்தப்பட்ட’ என்ற இரு நெடுஞ்சொற்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் படித்தவர்களிடம் கேட்டாலே தடுமாறக்கூடும் என்னும்போது, விழுக்காடுகளை நினைவில் வைத்திருப்போர் இன்னும் குறைவாகவே இருக்க முடியும். அப்படியிருந்தும், பாயசத்துக்கு எது, காபிக்கு எது, மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொன்ன பெரியவருக்கு எது என்பதில் வீடுகளில் குழப்பம் வருவதில்லை, ஏனெனில் அந்த அறிவு முழுவதையும் நிறமே சுமந்துகொள்கிறது.

ஒயின் லேபிளுக்கும் பால் பாக்கெட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. ஒயின் லேபிள் வாங்குபவரின் அறியாமைக்குள் நுழைந்து ஒரு கற்பனையைக் கட்டுகிறது; கோட்டை, தோட்டம், விலங்கு, தங்க எழுத்து என்று அது காட்டும் எதற்கும் உள்ளே இருக்கும் திரவத்தோடு அளந்து காட்டக்கூடிய உறவு இருக்க வேண்டியதில்லை. பால் பாக்கெட்டின் நிறமோ ஓர் அளவின் பெயராக, பல பத்தாண்டுப் பழக்கத்தால் விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து உருவாக்கிய ஒரு சிறு மொழியாக நிற்கிறது. அந்த மொழி எழுத்தறிவைக் கேட்பதில்லை, தமிழறிவையும் கேட்பதில்லை. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளுக்கும், கனரக வாகனத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஆவடிக்கும், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய கிடங்குகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வேலைக்கு வந்திருக்கும் தொழிலாளர், ஊர்மொழியில் ஒரு வாக்கியம் பேசப் பழகும் முன்பே, விரலால் சுட்டி, வேண்டிய பாலைப் பிழையின்றி வாங்கிவிட முடிகிறது.

தமிழ்நாட்டுக்கு இத்தகைய மொழி புதிதன்று. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பின் அவ்வூரில் எழுந்த தீப்பெட்டி ஆலைகள், பெட்டியின் மேல் ஒட்டும் படங்களுக்காகவே அச்சுத் தொழிலையும் அங்கே வளர்த்தன. உள்ளே இருக்கும் குச்சி எல்லாப் பெட்டிகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, ஒரு பெட்டியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது மேலே இருந்த படம்தான். ‘மயில் மார்க்’, ‘குதிரை மார்க்’ என்று படத்தின் பெயரையே பொருளின் பெயராக்கி மளிகைக் கடையில் கேட்கும் வழக்கம், படிக்கத் தெரியாதவர்களையும் தரம் அறிந்து வாங்குபவர்களாக்கியது. அந்த ‘மார்க்’கின் இடத்தைப் பாலில் நிறம் பிடித்திருக்கிறது, அச்சுக் கூட நுணுக்கம் கோரும் மயிலும் குதிரையும் தேவைப்படாமல், தட்டையான ஒரே வண்ணம் போதுமானதாயிற்று என்பதே வேறுபாடு.

நிறம் ஒரு சொல்லாகவே இயங்குகிறது என்பதை இந்தியச் சட்டமும் வெளிப்படையாக ஏற்றிருக்கிறது என்பது பரவலாக அறியப்படாத செய்தி. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் பொதிதல், லேபிளிடல் பற்றிய பகுதி, பால் புட்டியின் மூடியில் பாலின் வகையை முழுச் சொல்லாகவோ சுருக்க எழுத்தாகவோ குறிக்க வேண்டும் என்று கூறியபின், அதற்கு மாற்றாக, மூடிக்கோ பைக்கோ வகையைச் சுட்டும் நிறங்களைப் பயன்படுத்தலாம் என்றும் இசைவு தந்தது. அந்த இசைவோடு நிபந்தனைகளும் வந்தன: எந்த நிறம் எந்தப் பாலைக் குறிக்கிறது என்ற பட்டியலைப் பால் விற்கும் இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும், உரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளூர் ஊடகங்கள் வழியே மக்களுக்கு அறிவிக்க வேண்டும். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பதைச் சட்டம் விற்பவரிடமே விட்டுவிட்டது. தேர்ந்துகொண்ட பொருளை ஊரறியச் சொல்லும் கடமையை மட்டும் அவர்மேல் சுமத்தியது. அகராதி ஒன்றை எழுதிக்கொள்ள உரிமை தந்து, அதைப் பொதுவில் வைக்கச் சொல்வது போன்றது இது. வணிகச் சின்னச் சட்டமும் இதே திசையில்தான் நகர்ந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் நிறங்களின் சேர்க்கையையும் சின்னமாக ஏற்றது. 2003இல் தில்லி உயர் நீதிமன்றம், பற்பொடி டப்பாவின் சிவப்பு–வெள்ளைச் சேர்க்கையை ஆங்கர் நிறுவனம் பயன்படுத்துவதற்கு எதிராக கோல்கேட் நிறுவனம் தொடுத்த வழக்கில், எழுத்தறியாதவர்களும் நிறத்தையும் தோற்றத்தையும் கொண்டே பொருளை அடையாளம் காண்கிறார்கள் என்பதைக் கருதி இடைக்காலத் தடை விதித்தது.

எந்த நிறம் எந்தப் பாலுக்கு என்பதில் இயற்கையான காரணம் எதுவும் இல்லை. பிரிட்டன் அங்காடிகளில் நீல மூடி முழுக் கொழுப்புப் பாலையும், பச்சை மூடி பாதி கொழுப்பு நீக்கிய பாலையும், சிவப்பு மூடி கொழுப்பு நீக்கிய பாலையும் பெரும்பாலும் குறிக்கின்றன. எனவே ஆவடியிலிருந்து லண்டனின் ஈஸ்ட் ஹாமுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று பழக்கத்தின்படி நீலத்தை எடுத்தால், மெல்லிய பால் என்று நினைத்து அங்குள்ளவற்றிலேயே கெட்டியான பாலை வீட்டுக்குக் கொண்டுசெல்லும். சென்னையில் நீலம் பெற்ற சமன்படுத்தப்பட்ட பாலுக்கே ஒரு தனி வரலாறு உண்டு. எருமைப் பாலின் மிகுந்த கொழுப்பைக் கொழுப்பு நீக்கிய பால்மாவும் நீரும் சேர்த்துத் தளர்த்தி, அதே பாலைக் கூடுதலான மக்களுக்கு மலிவாகப் பகிரும் இந்த முறையை உருவாக்கியவர் தாரா நசர்வான்ஜி குரோடி. 1946இல் பம்பாயில் முதலில் தயாரிக்கப்பட்ட இந்தப் பால், பின்னர் கல்கத்தா, சென்னை, தில்லி நகரங்களுக்கும் பரவியது. பற்றாக்குறைக் காலத்தில் ஏழைகளுக்கு எட்ட வேண்டும் என்று உருவான பால்தான், இன்று உடல்நலம் கருதி வசதியுள்ளவர்களும் கேட்டு வாங்கும் நீலமாக மாறியிருக்கிறது. பொருள் அதேதான், வாங்குபவர் அதன்மேல் ஏற்றும் மதிப்பு மாறிவிட்டது. செஸ்கின் பேசிய பெயர்ச்சி பாலையும் விட்டுவைக்கவில்லை.

நான்கு நிறங்களுக்குள்ளும் இருக்கும் பால் ஒரே வெண்மை உடையது என்பதுதான் இந்த முழு ஏற்பாட்டையும் நுட்பமானதாக்குகிறது. பண்ணையில் பால் முதலில் சுழல்விசையால் கொழுப்பும் மெலிந்த பாலுமாகப் பிரிக்கப்பட்டு, வேண்டிய விழுக்காட்டுக்கு மீண்டும் சேர்க்கப்பட்டு, சூடாக்கிக் குளிர்விக்கப்பட்டு, பாக்கெட் இயந்திரத்துக்கு வருகிறது. அந்த இயந்திரம் நிறம் அச்சிட்ட பாலித்தீன் சுருளைக் குழாயாக மடித்து, அடியை ஒட்டி, பாலை நிரப்பி, மேலையும் ஒட்டி அறுத்துத் தள்ளுகிறது. இயந்திரத்தில் எந்தச் சுருள் மாட்டப்பட்டிருக்கிறதோ அதுவே பாலின் பெயர். முன்பு வாங்குபவரிடம் வேறு சாட்சிகளும் இருந்தன. பால்காரர் கறந்து தந்த பாலைக் காய்ச்சி, ஆறும்போது மேலே படியும் ஆடையின் தடிப்பைப் பார்த்தே அதன் தரத்தையும் கலந்த நீரின் அளவையும் வீட்டுப் பெண்கள் கணித்துவிடுவார்கள். கொழுப்புத் துளிகளை நுண்ணியதாக உடைத்துப் பால் முழுவதும் பரவச் செய்யும் முறை வந்தபின், அவ்வாறு பதப்படுத்தப்பட்ட பாலில் ஆடை முன்போல் தடித்துப் படிவதில்லை. கொழுப்பு உள்ளேயே இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சமையலறையின் சோதனை வலுவிழந்த அளவுக்கு, பாக்கெட்டின் நிறத்தின்மேல் வைக்கும் நம்பிக்கை கனத்திருக்கிறது. இவ்வளவு கனத்தைத் தாங்கும் ஒரு குறியீட்டைக் கையாள்பவர், அதை விளம்பர உத்தியாக மட்டும் எண்ணிக் கையாள முடியாது.

அண்மை ஆண்டுகளில் நடந்த மூன்று மாற்றங்கள் இதைச் சோதித்துப் பார்த்தன. 2022 நவம்பர் 5 முதல் ஆரஞ்சு பாக்கெட்டின் சில்லறை விலை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முன்பணம் கட்டி வாங்கும் மாத அட்டைதாரர்களுக்கு 46 ரூபாய் என்ற விலை தொடர்ந்தது. அதுவரை அரை லிட்டர் பச்சை 22 ரூபாய், ஆரஞ்சு 24 ரூபாய் என்று இரண்டே ரூபாய் இடைவெளியில் நின்றிருந்தன; அந்த இடைவெளி ஒரே நாளில் எட்டு ரூபாயானது. நாளுக்கு அரை லிட்டர் ஆரஞ்சு வாங்கிய குடும்பத்துக்கு மாதம் 180 ரூபாய் கூடுதல் செலவு என்னும்போது, பச்சையை நோக்கி நகர்வது இயல்பு. இங்கே லேபிள் எதையும் மறைக்கவில்லை. நிறத்தின் பொருள் அப்படியே இருக்க, விலை மட்டும் மாறியது. வருந்தியவர்களும் தாங்கள் எதற்காக வருந்துகிறோம் என்பதை அறிந்தே வருந்தினர்.

2023 நவம்பரில் வந்த அறிவிப்பு வேறு வகையானது. ‘கிரீன் மேஜிக்’ என்ற பச்சை பாக்கெட்டுக்குப் பதிலாக, ‘டிலைட்’ என்ற பெயரில், 3.5 விழுக்காடு கொழுப்புடன், வைட்டமின் ஏ, டி சேர்த்த பசும்பால் ஊதா நிற பாக்கெட்டில் அதே விலைக்குத் தரப்படும் என்றும், பச்சையின் விற்பனை நவம்பர் 25 முதல் நிறுத்தப்படும் என்றும் செய்தி வந்தது. அரை லிட்டரில் ஏறத்தாழ ஐந்து கிராம் கொழுப்பு குறைகிறது, விலை குறையவில்லை. வெண்ணெயாகவும் நெய்யாகவும் மாறும் கொழுப்பே பாலில் விலை மிகுந்த பகுதி என்பதால், பால் முகவர்கள் சங்கமும் அரசியல் கட்சிகளும் இதை மறைமுக விலை உயர்வு என்று சாடின. குற்றச்சாட்டின் பொருளியல் பக்கம் வலுவானதே. ஆயினும் லேபிளின் பக்கமிருந்து பார்த்தால், இந்த மாற்றத்தில் ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்: புதிய அளவுக்குப் புதிய நிறம் தரப்பட்டது, 3.5 விழுக்காட்டுப் பாலைப் பச்சைப் பைக்குள் அடைத்து விற்கவில்லை. எதிர்ப்பு இவ்வளவு விரைவாக எழ முடிந்ததற்கே அந்த நிற மாற்றம் ஒரு காரணம். காலையில் கடைக்கு வந்தவர் கண்ணால் கண்டு கேள்வி எழுப்ப முடிந்தது.

2024 டிசம்பரில் அறிமுகமான ‘கிரீன் மேஜிக் பிளஸ்’ இந்த அளவுகோலில் தேறவில்லை. 4.5 விழுக்காடு கொழுப்பு, 9 விழுக்காடு இதரச் சத்து, சேர்க்கப்பட்ட வைட்டமின்கள் என்று உள்ளே இருப்பது சற்று மேம்பட்டது உண்மை. ஆனால் பாக்கெட்டின் அளவு 500 மில்லியிலிருந்து 450 மில்லியாகக் குறைந்து, விலை 25 ரூபாயாக வைக்கப்பட்டது. லிட்டர் கணக்கில் அது 55 ரூபாய்க்கு மேல். பழைய பச்சை 44 ரூபாய். பாக்கெட்டின் மேல் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதால் சட்டப்படி இதில் பொய் இல்லை என்று வாதிடலாம். எனினும் மக்கள் ‘பச்சை’ என்று சொல்லும்போது அச்சொல்லுக்குள் 4.5 விழுக்காட்டோடு அரை லிட்டர் என்ற அளவும் சேர்ந்தே இருக்கிறது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அளவை மட்டும் உருவிவிடுவது, ‘பிளஸ்’ என்ற கூட்டல் சொல்லைக் குறைத்தலின்மேல் போர்த்துவதாகும். ஐம்பது மில்லி வேறுபாடு கையில் எடுத்தால் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. இரண்டு டம்ளர் காபிக்குப் பால் ஊற்றும்போதுதான் தெரியவரும். தனியார் நிறுவனங்கள் பிஸ்கட்டிலும் சோப்பிலும் நெடுங்காலமாகச் செய்துவரும் இந்த எடைக் குறைப்பை, மக்களின் நம்பிக்கையையே மூலதனமாகக் கொண்ட கூட்டுறவு இணையம் தானும் கைக்கொண்டது வருத்தத்துக்குரியது.

வாங்குபவரின் தேர்வு என்று பொதுவாகப் பேசும்போது மறந்துவிடக்கூடிய இன்னொன்றும் உண்டு. மேலை அங்காடி ஆய்வுகளில் வாங்குபவர் ஒவ்வொரு முறையும் அலமாரிமுன் புதிதாக முடிவெடுக்கிறார் என்று கொள்ளப்படுகிறது. மாத அட்டை வைத்திருப்பவரோ மாதத்துக்கு ஒருமுறை நிறத்தைத் தீர்மானித்துவிட்டு, எஞ்சிய நாள்களில் தேர்வு எதுவும் செய்வதில்லை. அட்டை இல்லாதவரின் தேர்வோ, முகவர் அன்று எந்த நிறத்தில் எத்தனை டப் எடுத்தார் என்பதற்குள் அடங்கியது. ஏழு மணிக்கு மேல் வருபவருக்கு எஞ்சியிருக்கும் நிறமே விருப்ப நிறம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் குறைந்தவர்கள், ஆண்களில் பெண்களைவிட மிகுதியாக உள்ள இவர்கள், ஆரஞ்சையும் பச்சையையும் மங்கிய விளக்கொளியில் தடுமாறியே எடுக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு உதவும் வகையில் கொழுப்பு விழுக்காட்டைக் குறிக்கும் எண்ணைக் கட்டை விரல் அளவுக்குப் பெரிதாக அச்சிட, இருக்கும் சுருளிலேயே இடம் உண்டு. நிறங்களின் பட்டியலை விற்கும் இடத்தில் வைக்கச் சொன்ன விதியை முழுப் பொருளில் எடுத்துக்கொண்டால், அந்தப் பலகையில் நிறத்துக்கு எதிரே கொழுப்பின் விழுக்காடு, பாக்கெட்டின் மில்லி, லிட்டருக்கான விலை என்ற மூன்று எண்கள் தமிழிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். அவ்வாறு எழுதிவைத்தால், 450 மில்லிக்கு 25 ரூபாய் என்பது எந்த விளக்கமும் இல்லாமல் 500 மில்லிக்கு 22 ரூபாயின் பக்கத்தில் வந்து நிற்கும்.